பவளமும் களையாகும்



களை எடுப்பது என்றால் என்னவென்று நம் நாட்டில் எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. நட்ட வயலில் இறங்கும் பெண்கள் கோரையைப் பிடுங்குவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். தலையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பவள் வேலைக்குப் புதியவள். அவள் கையில் புல் வரும். கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். பழகியவளோ விரலை மண்ணுக்குள் விட்டு, அடியைத் தடவிக் கண்டு, கிழங்கோடு எடுப்பாள். இந்த வேறுபாட்டைச் சிறு வயது முதலே கண்டு வந்தவன் நான். ஆயினும் அறுபது வயதுக்கு மேல், வயலில் அன்று, என் வீட்டுக் கூடத்தில் இருந்த ஒரு கண்ணாடித் தொட்டியில் அதே பாடத்தை மறுபடியும் படிக்க நேர்ந்தது. அங்கே நான் எடுக்க வேண்டியிருந்த களை புல்லும் அன்று, பூண்டும் அன்று, பவளம்.

பவளத்தைக் களை என்று சொல்வதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நவமணிகளில் ஒன்றாக வைத்து எண்ணப்படுவதாயிற்றே! அது செம்பவளம், ஆழ்கடலில் வளரும் வேறொரு வகை. நான் சொல்ல வந்தது மென்பவளம். அதற்குக் கல்லாலான கூடு கிடையாது. தொட்டால் ஈரப் பஞ்சுபோல் இருக்கும். செடி என்று எண்ணும்படியாகக் கிளைத்திருந்தாலும், உண்மையில் அது பல சிற்றுயிர்கள் ஒரே தண்டில் கூடி வாழும் ஒரு குடும்பம்.

என் ஊர் ஏலாக்குறிச்சி. அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள சிற்றூர். வீரமாமுனிவர் தங்கித் தமிழ்த்தொண்டு புரிந்த ஊர்; திருக்காவலூர் என்று அவர் பாடியது இவ்வூரையே. இங்கிருந்து கடற்கரைக்குப் போக வேண்டுமானால் தஞ்சை மாவட்டத்தைக் கடந்தாக வேண்டும். எனினும் கடல் எங்களுக்கு அந்நியமானதன்று. ஊருக்கு வடக்கே, அரியலூர்ச் சீமையின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில், சுருண்ட நத்தைபோன்ற கற்சிப்பிகளைப் பள்ளிப் பிள்ளைகள் சட்டைப்பை நிறையப் பொறுக்கி வருவார்கள். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலப்பரப்பின்மேல் கடல் இருந்தது. கல்லக்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் பவளங்களே கல்லாகிக் கிடக்கின்றன. ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் தென்னிந்தியாவின் அக்காலக் கடலுயிர்களை ஆராய்ந்து பல தொகுதிகள் எழுதினார். 1873 ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுதியில் பவளங்களும் இடம்பெற்றுள்ளன. நம் வீட்டுச் சுவர்களைக் கட்டும் சிமெண்டில் அந்தப் பழைய கடலின் ஓடுகள் கரைந்திருக்கின்றன என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, உயிருள்ள பவளமே என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

கொண்டு வந்தவன் என் தம்பி மகன். சென்னையில் பணியாற்றியவன், வெளிநாட்டில் வேலை கிடைத்ததும், "பெரியப்பா, இரண்டே ஆண்டுகள். இதை உங்களைத் தவிர வேறு யாரிடமும் விட்டுப்போக எனக்கு மனம் வரவில்லை" என்று சொல்லித் தன் தொட்டியை என் கூடத்தில் இறக்கிவைத்தான். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பாறைகள் போக அதில் ஏறக்குறைய 220 லிட்டர் நீர் நிற்கும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். ஆகவே முதல் நாளே எட்டுக் கிலோ உப்பு கரைந்தது. அண்டை வீட்டு அம்மையார் ஒருவர், "ஐயா, இவ்வளவு உப்பில் நாங்கள் ஒரு வருஷத்து ஊறுகாய் போட்டுவிடுவோமே!" என்று அங்கலாய்த்தார். வெயில் காலத்தில் நீர் சூடேறாதபடி குளிரூட்டும் கருவி ஓடவேண்டும். மின்சாரம் நின்றால், வந்து சேரும்வரை எனக்குத் தூக்கம் கிடையாது.

தொட்டியில் இருந்தவை இரண்டு கோமாளி மீன்கள், சில நத்தைகள், எட்டு ஆண்டுகளாகத் தம்பி மகன் வளர்த்துவந்த தோல்பவளம் ஒன்று. தோல்பவளம் காளான் குடைபோல் விரியும் மென்பவளம், அவனுக்கு உயிர். கல்பவளம் எதுவும் கிடையாது. பாறைகளைக் கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. புலிக்கு உள்ள காப்பு அவற்றுக்கும் உண்டு. அழகுக்காக அவற்றை வாங்க நினைப்பவர்கள் இதை முன்னரே அறிந்திருப்பது நல்லது.

இவற்றோடு ஒரு மூலையில், கட்டைவிரல் அளவான ஒரு சிறு கல்லில் நான்கு தண்டுகள் நின்றன. செனியா என்பது அதன் பெயர். ஒவ்வொரு தண்டின் நுனியிலும் சிறு சிறு கைகள். ஒவ்வொரு கையிலும் எட்டு விரல்கள்; அவ்விரல்களிலும் இறகு பிரிந்தாற்போன்ற இழைகள். இக்கைகள் இரவும் பகலும் ஓயாமல் விரிந்து மூடிக்கொண்டேயிருக்கும். இப்படித் தானே துடிக்கும் பவளம் வேறு இல்லை என்றே சொல்லலாம். ஏன் இப்படிச் செய்கிறது? உணவைப் பிடிக்கவா என்றால், அதை இரை பிடிக்கக் கண்டவர் அரியர். அதன் உடலுக்குள் நுண்ணிய பாசியுயிர்கள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு சமைத்துத் தரும் உணவே அதற்கு முதன்மையானது. செங்கடலில் இக்குடும்பத்துப் பவளம் ஒன்றை ஆராய்ந்த இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் 2013 ஆம் ஆண்டில் ஒரு விடை சொன்னார்கள். கை அசையும்போது சுற்றியுள்ள நீர் கலைகிறது. பாசி வெளிவிடும் பிராணவாயு அங்கேயே தேங்காமல் அகல்கிறது. அதனால் பாசியின் வேலை விரைவாக நடக்கிறது என்பது அவர்கள் கண்டது. சமையலறையில் புகை தேங்காதபடி விசிறிக்கொண்டே சமைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

மாலை வேளைகளில் தெருப் பிள்ளைகள் வந்து தொட்டியின் முன் உட்கார்ந்துவிடுவார்கள். மீனைவிட அவர்களுக்கு இந்தக் கைகள்தாம் வேடிக்கை. தாங்களும் கைகளை விரித்து மூடி அதற்கு வணக்கம் சொல்வார்கள். எனக்கும் அதில் ஒரு மயக்கம் இருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. நான்கு தண்டுகள் பத்தானபோது மகிழ்ந்தேன். பத்து நாற்பதானபோது தம்பி மகனுக்குப் பெருமையோடு எழுதினேன். அவன் மறுநாளே பதில் எழுதினான்: "பெரியப்பா, அதை உடனே தனிக்கல்லுக்கு மாற்றுங்கள். நான் அதை மணலின் நடுவே தனியாக வைத்திருந்தேனே, யார் நகர்த்தியது?" நகர்த்தியவன் நான்தான். அழகாக இருக்குமே என்று பெரிய பாறையோடு சேர்த்து வைத்தவனும் நான்தான்.

அது பரவும் விதம் விந்தையானது. தண்டு பக்கத்துப் பாறைமீது சாயும். சாய்ந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு நடுவே இற்று இரண்டாகும். கைகள் அடங்கிய ஒரு கொத்து உதிர்ந்தால், நீரோட்டத்தில் மிதந்துபோய்த் தங்கிய இடத்தில் கால் ஊன்றும். அடித்தண்டின் சிறு பகுதி பாறையில் எஞ்சினாலும் போதும். அதிலிருந்து புதிய கைகள் முளைக்கும். கோரைக் கிழங்கின் நினைவு எனக்கு அப்போதே வந்திருக்கவேண்டும், வரவில்லை. ஆறாம் மாதத்தில் பெரிய பாறை முழுவதும் வெண்மையாகத் துடித்துக்கொண்டிருந்தது. பின்கண்ணாடியிலும் பம்பின் வாயிலும் ஏறிற்று. தோல்பவளத்தின் அடியைச் சூழ்ந்துகொண்டு, வெளிச்சம் படாமல் நிழல் செய்தது. குடைபோல் விரிந்திருந்த தோல்பவளம் விரிவதை நிறுத்தி, விளிம்பு சுருங்கி, ஒரு பக்கம் பழுப்பேறத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகள் என்று என்னை நம்பி விட்டுப்போன பொருள் என் கண்முன்னே மங்குகிறது. அன்றுதான் நான் விழித்துக்கொண்டேன்.

இவ்வளவு விரைவான பெருக்கத்துக்குக் காரணம் தேட அதிகத் தொலைவு போகவில்லை. நீரைச் சோதித்துப் பார்த்தேன், நைட்ரேட்டு மிகுந்திருந்தது. நான் காலையில் மீன்களுக்கு இரை போடுகிறேன். என் மனைவி மதியம் போடுகிறாள். பிள்ளைகள் மாலையில் ஆளுக்கொரு சிட்டிகை போடுகிறார்கள். இரண்டு சிறு மீன்களுக்கு நித்தம் கலியாணச் சாப்பாடு! மீதியெல்லாம் நீரில் கரைந்து எருவாயிற்று. எருப் போட்ட வயலில் பயிருக்கு முன் களை எழும்புவது உலக வழக்கமன்றோ? இரை டப்பாவை அன்றே அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பிள்ளைகளுக்கு என்மேல் வருத்தம்.

முதல் முயற்சியில் புதிய களைக்காரி செய்த தவற்றையே செய்தேன். கத்தரிக்கோலைத் தொட்டிக்குள் விட்டு, முடி வெட்டுவதுபோல் தலைகளை வெட்டினேன். பம்பை நிறுத்தவேண்டும் என்று தோன்றவில்லை. வெட்டிய கொத்துகள் நீரோட்டத்தில் சுழன்று நாலாபக்கமும் சென்றன. வலையால் அள்ளியவை அள்ளியவை, மற்றவை? இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அதுவரை அது இல்லாதிருந்த இடங்களிலெல்லாம் கடுகளவு வெண்புள்ளிகள். வெட்டிய அடிகள் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தலைகள். ஒரு நாள் வேலையால் களையை மும்மடங்காக்கினேன்.

அப்போது இத்தொழிலில் பழகிய ஒருவர் ஓர் உபாயம் சொன்னார். நாய்களுக்குக் குடற்புழு நீங்கக் கொடுக்கும் பென்பெண்டசோல் என்ற மருந்தை நீரில் கலந்துவிட்டால் செனியா உருகிப் போகுமாம். அது மெய்யே, பலர் அதனைச் செய்திருக்கிறார்கள். ஆனால் புழுவைக் கொல்வதற்கு ஏற்பட்ட மருந்து தொட்டியில் உள்ள புழுக்களையும் கொல்லும், நத்தைகளுக்கும் ஆகாது, பாறையில் ஊறி நெடுநாள் தங்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, செனியாவும் தோல்பவளமும் உறவுக்காரர்கள். ஒன்றுக்கு நஞ்சாவது மற்றொன்றுக்கு அமுதமாகாது. தோல்பவளத்தைக் காப்பதற்காகவே தொடங்கிய வேலையில் அதையே பணயம் வைப்பதா? வேண்டாமென்று விட்டேன்.

பிறகு நான் செய்ததைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். இத்தகைய தொட்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும். தூக்கக்கூடிய பாறைகளை முதலில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தொட்டி நீரையே நிரப்பிய வாளியில் வைத்தேன். தொட்டிக்குள் எந்த வெட்டும் நடக்கலாகாது என்பது முதல் விதி. செனியாவின் தண்டை மட்டும் சுரண்டாமல், அது ஒட்டியிருந்த பாறையின் மேற்பரப்பையும் சிற்றுளியால் மெல்லப் பெயர்த்தெடுத்தேன். கிழங்கோடு பிடுங்குவது என்பது இதுதான். காற்றில் எடுத்தவுடன் அது எழுப்பும் நாற்றம் இருக்கிறதே, அதை வருணிக்காமல் விடுகிறேன். வானொலியில் நாற்றம் வராதிருப்பது உங்கள் பாக்கியம். சுரண்டிய பாறையைப் பல் துலக்கும் தூரிகையால் தேய்த்து, வேறொரு வாளி உப்புநீரில் அலசி, அதன் பின்னரே தொட்டிக்குத் திருப்பினேன்.

அடியில் கிடந்த பெரும்பாறை இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாதது. அதற்கு வேறு வழி தேவைப்பட்டது. பம்புகளையெல்லாம் நிறுத்தி, நீரை அசைவற்று நிற்க விட்டேன். ஒரு கையில் கத்தி, மறு கையில் நீரை உறிஞ்சி வெளியேற்றும் ரப்பர்க்குழாய். கத்தி பட்ட இடத்திலேயே குழாயின் வாய் இருக்கவேண்டும். பெயர்ந்த துணுக்கு மிதப்பதற்கு முன் குழாய்க்குள் போய், வெளியே வாளியின்மேல் கட்டிய துணியில் தங்கிவிடும். ஒரு தடவைக்கு இருபது லிட்டர் நீர்தான் எடுக்கலாம். வாரந்தோறும் மாற்றவேண்டிய நீர் அவ்வளவே. ஆகவே ஒரு வாரத்துக்கு உள்ளங்கை அகல இடம் சுத்தமானால் அதிகம். என் மாணவர்களுக்குப் பொறுமையைப் பற்றி நான் எத்தனையோ சொற்பொழிவு செய்திருக்கிறேன். செய்து பார்த்தது இப்போதுதான்.

பாறையின் பொந்துகளில் கத்தி நுழையாது. அங்கே துணையாக வந்தது சுண்ணாம்பு. ஆம், வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே நீற்றிய சுண்ணாம்புதான். கடைச் சுண்ணாம்பில் வேறு பொருள் கலந்திருக்கக் கூடுமாகையால், கலப்பற்றதாக இரசாயனக் கடையில் வாங்கிக்கொண்டேன். அதைத் தயிர்ப் பதத்தில் குழைத்து, ஊசியில்லாத மருந்துப் பீச்சுகுழலில் ஏற்றி, பொந்துக்குள் எஞ்சிய அடித்தண்டின்மேல் பூசவேண்டும். சுண்ணாம்பின் காரம் தசையை வேகவைத்துவிடும். அரைமணி நேரம் நீர் அசையாமல் இருந்த பிறகு பம்பை ஓடவிடலாம். ஆசைப்பட்டு ஒரே நாளில் நிறையப் பூசினால் தொட்டி முழுவதும் காரம் ஏறி, மீன் உட்பட எல்லாம் மடியும். நாளுக்கு நாலைந்து புள்ளிகள். அதற்குமேல் கை வைக்கவில்லை. 10 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பவளங்கள் சுண்ணாம்புக் கல்லாகக் கிடக்கும் சீமையில், உயிருள்ள பவளத்தைச் சுண்ணாம்பு கொண்டு நான் களைந்துகொண்டிருந்தேன். இதை நினைத்து ஒரு நாள் தனியே சிரித்துவிட்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாகவேண்டும். சிலர் பாறையைக் கொதிநீரில் இட்டால் எளிதில் தீர்ந்துவிடுமே என்பார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். தொட்டிகளில் பொத்தான்போல் பரவும் வேறொரு வகை உண்டு, சோவாந்திடு என்பார்கள். அவ்வினத்திற் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஹவாய்த் தீவிலிருந்து எடுத்த உயிரினின்று 1971 ஆம் ஆண்டில் அதனைப் பிரித்தெடுத்தார்கள். அறியப்பட்ட நஞ்சுகளில் மிகக் கடுமையானவற்றுள் அது ஒன்று. கொதிக்கவைத்தாலோ வேகமாகத் தேய்த்தாலோ ஆவியிலும் திவலையிலும் கலந்து மூச்சில் ஏறும். 2018 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்த வீட்டில் ஒரு குடும்பமே மருத்துவமனை சேர்ந்தது. செனியாவில் அந்த அபாயம் இல்லை. ஆனாலும் எது எதுவென்று ஐயமறத் தெரியாதவர்கள் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இவ்வேலையில் இறங்கலாகாது. கொதிநீரை நினைக்கவும் கூடாது. மிகவும் பழுதுபட்ட மூன்று பாறைகளை நான் எங்களூர்ச் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காயவைத்தேன். ஒரு மாதத்தில் எலும்புபோல் வெளுத்துவிட்டன.

இப்படியாக ஐந்து மாதங்கள் சென்றன. தோல்பவளத்தின் பழுப்பேறிய பக்கம் உதிர்ந்தது. மற்றப் பக்கம் மெல்ல விரிந்தது. ஆனால் நான் சொல்ல வந்த செய்தியின் முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

முதல் வாரத்தில் துணியில் தங்கிய செனியாக் குவியலை ஒரு வாளி உப்புநீரில் போட்டு வைத்திருந்தேன். மறுநாள் காலையில் பார்க்கிறேன். வெட்டுண்ட தலைகள் வாளிக்குள்ளும் விரிந்து மூடிக்கொண்டிருந்தன. எனக்கு மனம் கேட்கவில்லை. வளர்த்த கையால் கொல்லுவதா? உறவினர் ஒருவர் இராமேசுவரம் யாத்திரைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஒரு பால்கேனில் ஊற்றிக் கொடுத்துவிட்டால் கடலில் விட்டுவிடுவார். கடலுக்குரியது கடலுக்கே போகட்டும் என்று எண்ணி, கேனையும் கழுவி எடுத்து வைத்தேன். புண்ணியம் செய்வதாகவே நினைப்பு.

இராமேசுவரம் என்றதும் மண்டபம் நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு சுற்றுலாச் சென்றபோது, மண்டபத்துக் கடலில் மூங்கில் தெப்பங்களைக் கட்டி, பெண்கள் பாசி வளர்ப்பதைக் கண்டிருந்தேன். காப்பாபைக்கஸ் என்னும் அந்தப் பாசி நம் கடலுக்கு உரியதன்று. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சரக்கு. அதிலிருந்து கிடைக்கும் கராஜினன் என்ற பசைப்பொருள் பாலேடு முதல் பற்பசை வரை கெட்டிப்படுத்த உதவுகிறது. பவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார் 1984 ஆம் ஆண்டளவில் அதைக் கொண்டுவந்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பழக்கி, பின்னர் மண்டபத்தில் கடலில் நட்டுப் பார்த்தனர். 2000க்குப் பின் அது தொழிலாகப் பெருகி, இராமநாதபுரம் கரையோரத்தில் ஏராளமான பெண்களுக்குக் கூலியும் கௌரவமும் தந்தது. இதில் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பெண்கள் கழுத்தளவு நீரில் நின்று உழைத்ததை நேரில் கண்டவன் நான்.

ஆனால் 2008 ஆம் ஆண்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவை ஒட்டி, மான்கொம்புபோல் கிளைத்த உயிர்ப்பவளங்களின்மேல் அந்தப் பாசி ஏறிப் படர்ந்து, கம்பளம்போல் மூடி, வெளிச்சத்தை மறைத்துக் கொன்றிருந்தது. அவ்வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 ஆம் ஆண்டிலேயே கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. தமிழக அரசு 2005 ஆம் ஆண்டில் இப்பாசி வளர்ப்பைப் பாக் விரிகுடாவுக்கு வடக்கிலும் தூத்துக்குடிக் கரைக்குத் தெற்கிலும் மட்டுமே என்று வரையறுத்திருந்தும், கடலில் வரப்புக் கட்ட முடியாதே! அதன்பின் ஆட்கள் மூழ்கி, கையால் பிடுங்கி, மூட்டை மூட்டையாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பிடுங்கும்போது உதிரும் துண்டு மறுபடி முளைக்கிறது. பவளத்தின் இடுக்கில் சிக்கிய நுனி மறுபடி தழைக்கிறது. என் கத்தரிக்கோல் கதையே அங்கும். நான் பம்பை நிறுத்தினேன். அவர்கள் எந்தப் பம்பை நிறுத்துவார்கள்?

தொட்டியிலிருந்து நேரே கடலுக்குப் போன கதைகளும் உண்டு. கௌலெர்ப்பா என்ற பச்சைப் பாசி ஐரோப்பாவின் காட்சித் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்டது. 1984 ஆம் ஆண்டில் மொனாக்கோ நகரத்துக் கடலாராய்ச்சிக் காட்சிசாலையின் கீழே, கடலுக்குள் அதன் சிறு திட்டு ஒன்றைக் கண்டார்கள். ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். பாய் விரிக்கும் இடம். அன்றே எடுத்திருந்தால் ஒரு பிற்பகல் வேலை. எடுக்கவில்லை. பிறகு மத்தியதரைக் கடலின் பல நாட்டுக் கரைகளிலும் பரவிவிட்டது. அதே பாசி 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓர் உப்பங்கழியில் தலைகாட்டியபோது, அவர்கள் ஒரு நாளும் தாமதிக்க விரும்பவில்லை. திட்டுகளின்மேல் தார்ப்பாய் விரித்து, விளிம்பை மணல்மூட்டையால் அழுத்தி, உள்ளே குளோரினைச் செலுத்தினார்கள். 2006 ஆம் ஆண்டில் அது ஒழிந்தது என்று அறிவித்தார்கள். செலவு 70 லட்சம் டாலருக்கு மேல்.

செனியாவின் குடும்பத்திலேயே ஒன்று வெனிசுவேலா நாட்டு மொச்சிமாக் கடற்பூங்காவில் பாறைகளையும் அந்நாட்டுப் பவளங்களையும் மூடிப் பரவியிருப்பதை 2014 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தொட்டி வாணிகத்தின் வழியாகவே அது அங்கே வந்திருக்கவேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஹவாயின் பேர்ள் துறைமுகத்திலும் 2020 ஆம் ஆண்டில் அக்குடும்பத்தைக் கண்டார்கள். நம் இந்தியக் கடல்களிலும் செனியாவின் சுற்றத்தார் உண்டுதான். அதனால் என் வாளியில் இருந்தது நம் கடற்பிள்ளை ஆகிவிடுமா? எந்தத் தேசத்துக் கடலில் பிறந்து எத்தனை கடைகளின் தொட்டிகளைக் கடந்து வந்ததோ! தன்னோடு எந்த நோயை, எந்தப் புழுவை ஏந்தி வந்ததோ!

பால்கேனை உள்ளே வைத்துவிட்டேன். உறவினர் வெறுங்கையோடு யாத்திரை போனார். வாளியின் உப்புநீரை இறுத்துவிட்டு, கிணற்று நீரை ஊற்றினேன். கடலுயிரின் உடலுக்கு நன்னீர் தாங்காது. சற்று நேரத்தில் கைகள் அசைவற்று நின்றன. ஒரு நாள் முழுவதும் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, தென்னையின் அடியில் புதைத்தேன். அதன்பின் ஒவ்வொரு வாரமும் அப்படியே செய்தேன். வெளியேற்றும் தொட்டி நீரையும் வெயிலில் வற்றவிடாமல் வாசலில் கொட்டியதில்லை.

எல்லாம் முடிந்தது என்று எண்ணியிருந்த ஒரு மாலையில், தெருப் பிள்ளைகளில் ஒருவன் கேட்டான்: "ஐயா, அந்த அண்ணனுக்கு ஒன்று கொடுத்தீர்களே, அதுவும் இப்படி ஆகியிருக்குமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செனியா நாற்பது தண்டாக இருந்த நாளில், என்னைப் பார்க்க வந்த பழைய மாணவன் ஒருவனுக்கு இரண்டு தண்டுகளைச் சிறு கல்லோடு ஒட்டிப் பரிசாகக் கொடுத்திருந்தேன். அவன் இருப்பது நாகப்பட்டினத்தில். உடனே தொலைபேசியில் அழைத்தேன். "சார், அது தொட்டி முழுக்க ஆகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். கடலுக்குரியது கடலுக்கே போகட்டுமே" என்றான். என் வாயில் வந்த வார்த்தை ஓர் எழுத்தும் குறையாமல் அவன் வாயில் வந்தது. அவன் என்னிடம் படித்தவன் அல்லவா?

வெள்ளிக்கிழமை காலையில் திருமானூர் வந்து தஞ்சாவூர்ப் பேருந்தில் ஏறி, அங்கிருந்து நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். என் பையில் சிற்றுளியும் ரப்பர்க்குழாயும் சுண்ணாம்பும் இருந்தன. இரண்டு நாள் தங்கி, இருவருமாக அவன் தொட்டிப் பாறைகளைச் சுரண்டினோம். ஒரு வாளி நிறைந்தது. நன்னீர் ஊற்றவேண்டிய நேரத்தில் அவன் தயங்கி, "நீங்களே ஊற்றிவிடுங்கள், சார்" என்றான். நான்தான் ஊற்றினேன்.

அதன் பிறகே அவனைக் கேட்டேன்: "வாரா வாரம் மாற்றிய நீரை எங்கே கொட்டினாய்?" கொல்லைப்புறத்துச் சாக்கடையைக் காட்டினான். அது ஒரு வாய்க்காலில் சேர்கிறது. வாய்க்கால் கடலில் சேர்கிறது. எத்தனை மாதங்களாக என்றதற்கு, எட்டு மாதம் என்றான். சாக்கடை நீரில் செனியா பிழைப்பது அரிது. அக்கரை மணற்கரை, ஒட்டிக்கொள்ளப் பாறையும் குறைவு என்று இருவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். ஆனாலும் வாய்க்காலின் ஓரமாகவே கடல்வரை நடந்தோம். முகத்துவாரத்தில் அலைதடுப்புக்காகப் போட்ட கருங்கற்கள் கிடந்தன. நீர் ஏறியிருந்த நேரம். கற்களின் தலை மட்டுமே தெரிந்தது. எட்டின வரையில் குனிந்து தடவிப் பார்த்தோம். வழுக்கும் பாசியும் சிப்பியும்தான் கைக்குத் தட்டுப்பட்டன.

அன்றிலிருந்து அமாவாசை, பௌர்ணமிகளில், கடல் நன்றாக உள்வாங்கும் வேளை பார்த்து, அவன் அங்கே போய்க் கற்களின் அடியைப் பார்த்து வருகிறான். வந்ததும் எனக்குத் தொலைபேசியில் சொல்லுகிறான். சென்ற பௌர்ணமிக்கும் சொன்னான். வெண்மையாக எதுவும் தென்படவில்லையாம். வருகிற அமாவாசைக்கு நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.